கிணற்றுக்கு முத்துப் போட்டபோது

தும்பைக்குறிச்சியில் பொதுக் கிணற்றுக்கு அம்மை வார்த்தது ஒரு திங்கட்கிழமை. கிழமை மறக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் என் வீட்டுக்காரர் சீனிராசுவுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் நாட்கள். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும், அதற்குமேல் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்ல வாயெடுத்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதனால் கிணற்றுக்குள் இறங்கிய ஆள் மேலே வந்து விஷயத்தைச் சொன்னதும் ஊரெல்லாம் கிணற்றை நினைத்தது, நான் மட்டும் செவ்வாய்க்கிழமையை நினைத்தேன்.

அந்த ஆள் தூர் வார வந்தவன். வெளியூரிலிருந்து கிரேனும் இரும்புத் தொட்டியும் கொண்டு வந்திருந்தார்கள். கிணற்றில் இடுப்பளவுதான் தண்ணீர் கிடந்தது, அதற்குக் கீழே பல வருஷத்துச் சகதி; அதை அள்ளிப் போட்டு, அடைந்து கிடக்கிற ஊற்றுக்கண்ணைக் கடப்பாரையால் திறந்துவிட்டால் கோடையைத் தாண்டிவிடலாம் என்று பஞ்சாயத்தில் பேசி முடித்திருந்தார்கள். கிணற்று மோட்டாரைப் போடுவதும், தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதும், தெருத்தெருவாக வால்வு திறந்துவிடுவதும் என் வேலை. தூர் வாரும் நாட்களில் ஊர் தவிக்கக் கூடாதே என்று முதல் நாளே தொட்டி தளும்பத் தளும்ப ஏற்றி வைத்திருந்தேன்.

இறங்கிய ஆள் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கயிற்றைப் பிடித்து ஏறி வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "யக்கா, நான் கடப்பாரை போட மாட்டேன். கிணத்துக்கு முத்துப் போட்டிருக்கு."

குனிந்து பார்த்தேன். கருங்கல் சுவர் முழுக்கக் கொப்புளம். கடுகளவு, மிளகளவு, கீழே போகப் போக எலுமிச்சை அளவு. ஒவ்வொன்றுக்குள்ளும் தண்ணீர் மினுமினுத்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிக்கு நேராகக் குனிந்தால் முகத்தில் அடிக்குமே ஒரு அனல், அது அடித்தது. அம்மை போட்ட உடம்பில் யாராவது இரும்பு வைப்பார்களா? கிரேன்காரர்கள் வந்த வேலையை அப்படியே விட்டு, வண்டியின் முகப்பில் ஒரு வேப்பங்கொத்தைச் செருகிக்கொண்டு, போய்ட்டு வர்றோம் என்று சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். அம்மை போட்ட வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் கிணற்றைச் சுற்றிக் கூடிவிட்டது. கிணற்றுக்கு அம்மை போடுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எந்த அம்மை என்றுதான் பேச்சு. தட்டம்மையாக இருந்தால் சீக்கிரம் இறங்கிவிடும் என்றார்கள் சிலர். தட்டம்மைக்கு இவ்வளவு பெரிய முத்து வராது என்றார்கள் மற்றவர்கள். அம்மன் கோயில் பூசாரி குருவு, பகலில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர், வேலை முடித்து மருந்து வாசத்தோடு நேராக அங்கே வந்து, கைப்பிடிச் சுவரில் கை வைத்துப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்த அம்மையா இருந்தா என்ன, வந்திருக்கது ஆத்தா. எந்த வீட்டுக்கு வந்திருக்காளோ அந்த வீட்டுக்காரங்க சுத்தபத்தமா இருக்கணும், அம்புட்டுத்தான்."

"இது எந்த வீடு?" என்று கேட்டாள் எதிர்வீட்டுச் செவந்தி. அவள் எதையும் கேட்டுவிடுவாள்.

"இந்தத் தண்ணியக் குடிச்ச வீடெல்லாம் இந்த வீடுதான்."

அப்படித்தான் ஊர் முழுக்க ஒரே வீடாக ஆனது. குருவு மஞ்சள் கயிற்றைக் கிணற்று உருளைக் கட்டையில் காப்பாகக் கட்டினார். இனி மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றி முடிகிற வரைக்கும் எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, முடி வெட்டக் கூடாது, ஊசி நூல் எடுக்கக் கூடாது. வெளியாள் எல்லைக்குள் வரக் கூடாது, ஊர்க்காரர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆத்தா கோபத்தில் முத்தை உள்ளுக்குள் இறக்கிவிடுவாள், அப்புறம் கிணறு தங்காது.

"பூசாரி, நாளைக்குச் செவ்வாக்கெழமை" என்றேன்.

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் கிணற்று மேடையில் உட்கார்ந்து கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டின மனுஷர். எத்தனையோ ஊர்த் தண்ணீரைக் குடித்தவருக்கு இப்போது ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் அளவு, அதுவும் மாத்திரைக்கும் சோற்றுக்கும் சேர்த்து. ஊருக்கே தண்ணீர் திறந்துவிடுகிற நான் வீட்டுக்கு வந்து அவருக்கு மட்டும் டம்ளரில் அளந்து ஊற்றுவேன்.

"போகாம இருக்க முடியாதாப்பா?" என்றார் தவமணி அண்ணாச்சி. ஊருக்குக் கிழக்கே எலுமிச்சைத் தோட்டம் போட்டிருப்பவர். ஊரிலேயே ஆழமான போர்வெல் அவருடையது.

"இருக்கலாம் அண்ணாச்சி. போன இடத்துல இருந்து திரும்பி வரத்தான் முடியாது" என்றார் இவர்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஊர் நின்றது. வெகுநேரம் பேசினார்கள். அவர் போகட்டும், நோயாளிக்கு நோயாளி பகையில்லை என்றார்கள் சிலர். இன்று இவரை விட்டால் நாளைக்கு மில்லுக்குப் போகிறவனும் கேட்பான் என்றார்கள் சிலர். கடைசியில் குருவுதான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்துவிட்டு ஒன்று சொன்னார். ஆத்தா இருக்கிற இடம்தான் எல்லை. கிணற்றுத் தண்ணீரில் ஆத்தா இருக்கிறாள். அந்தத் தண்ணீரை ஒரு செம்பில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போனால், செம்பு எதுவரைக்கும் போகிறதோ அதுவரைக்கும் எல்லை கூடவே போகும். அவர் ஊருக்குள்ளேயே இருக்கிற மாதிரி. திரும்பி வந்ததும் தண்ணீரைக் கிணற்றிலேயே விட்டுவிட வேண்டும். வழியில் ஒரு சொட்டு சிந்தக் கூடாது, யாரும் வாயில் வைக்கக் கூடாது.

"தண்ணிய மடியில வச்சிக்கிட்டுக் குடிக்காம இருக்கதுக்கு ஊர்லயே படிச்ச ஆளு நான்தான்" என்றார் இவர்.

இப்படியாக மறுநாள் முனீஸ் ஓட்டுகிற ஆட்டோவில், வேப்பிலை மூடிய செம்பை மடியில் வைத்துக்கொண்டு இவரும், செம்பையே பார்த்துக்கொண்டு நானும் டவுனுக்குப் போனோம். செம்பு காய்ச்சலில் கொதித்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அது என்ன என்று கேட்டது; எங்க ஊரு என்றார் இவர். மிஷின் ஓடிய நான்கு மணி நேரமும் செம்பு அவர் வயிற்றின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, நான் அதற்குக் கீழே உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், சிந்தினால் என் கையிலாவது விழட்டும் என்று. சிந்தவில்லை. திரும்பி வந்து கிணற்றில் ஊற்றினோம். வெள்ளியும் அப்படியே போய் வந்தோம்.

ஊர் அம்மைக்குப் பழகிவிட்டது. கடுகு வெடிக்காத ஊர் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. மத்தியானம் வந்தால் ஒரு தெருவிலும் ஒரு சத்தமும் வாசமும் இல்லாமல், கேப்பைக் கூழும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆம்பளைகள் தாடியோடும் பொம்பளைகள் பறட்டைத் தலையோடும் திரிந்தார்கள். முறை வைத்துக் கிணற்றுக்கு வேப்பங்கொத்தால் விசிறினார்கள். இளநீர் வெட்டி உள்ளே விட்டார்கள். கிணறு சில நேரம் பெருமூச்சு விடும். விசிறுகிறவள் 'ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல' என்று சுவரைத் தட்டிக்கொடுப்பாள். பஞ்சாயத்து ஓவர்சியர் எல்லைக்கு அந்தப் பக்கம் பைக்கை நிறுத்திக்கொண்டு எனக்குப் போன் போட்டார். "அம்மா, எனக்குச் சின்ன வயசுல போடல, வீட்ல கைக்குழந்தை வேற இருக்கு. மூணாந் தண்ணி ஊத்துனதும் சொல்லுங்க, வந்து எஸ்டிமேட் போடுறேன்." நல்ல மனுஷர். வாசலில் வேப்பிலை கட்டச் சொன்னேன்.

நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நான் கிணற்று மோட்டாரைப் போடவில்லை. மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்; அது மளமளவென்று இறங்கியது. கால் தொட்டி மிச்சம் இருக்கும்போது எனக்கு என்னவோ பயம் பிடித்துக்கொள்ள, வால்வைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, தொட்டி காலி என்று சொல்லிவிட்டேன். வெளித் தண்ணீர் லாரி எல்லைக்குள் வர முடியாது. அதனால் என்ன, வீட்டுக்கு வீடு போர் இருக்கிறதே. காலையிலிருந்து எல்லா வீட்டு மோட்டாரும் ஓடியது. போர் இல்லாத வீட்டுக்காரர்கள் அடுத்த வீட்டில் பிடித்துக்கொண்டார்கள். தவமணி அண்ணாச்சி தோட்டத்தில் குழாய் போட்டு, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்றார். அவருக்குத் தாராள மனசுதான்.

முத்து இறங்கவில்லை. விசிறப் போகிற பொம்பளைகள் எல்லோரும் பார்த்தார்கள்: தவமணி அண்ணாச்சி மோட்டார் ஓடும்போது கிணற்றின் கிழக்குச் சுவரில் முத்துப் பருக்கும். செவந்தி வீட்டு மோட்டார் ஓடும்போது மேற்கே நாலு முத்துப் புதிதாகக் கிளம்பும். மோட்டார் நின்றால் அந்தப் பக்கம் கொஞ்சம் அடங்கும். பார்த்ததை யாரும் சொல்லவில்லை. அவரவர் வீட்டு மோட்டார் பக்கத்துச் சுவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விசிறினார்கள்.

முதல் தண்ணீர் ஊற்றிவிட்டால் இறங்கிவிடும் என்றார் குருவு. ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். அப்போது கிணற்றுக்குத் தலை எது என்று ஒரு வழக்கு வந்தது. மேடைதான் தலை என்றார்கள், இல்லை உருளைக் கட்டைதான் என்றார்கள், இறங்குகிற படி இருக்கும் பக்கம் கால் என்றால் அதற்கு எதிர்ப்பக்கம்தானே தலை என்று ஒருவர் குச்சியால் தரையில் படம் போட்டார்.

"வாய் எங்க இருக்கு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "வாய் இருக்கிற இடத்துலதானய்யா தலையும் இருக்கும்? ஊத்துங்க, எல்லாம் ஒரே வழியாத்தான் போகுது."

ஞாயிறு விடிந்ததும் ஊரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒன்றாக ஓடின. குடம், அண்டா, டிரம் என்று நிரப்பி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வாசலில் வெயிலில் வைத்தார்கள். அம்மைக்கு ஊற்றுகிற தண்ணீர் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். உச்சிப்பொழுதில் ஆளுக்கொரு குடமாகக் கிணற்றில் ஊற்றினார்கள். அது போதாது என்று, என் பங்கும் இருக்கட்டும் என்று தவமணி அண்ணாச்சி தோட்டத்திலிருந்து ரப்பர் குழாயை இழுத்து வந்து, மோட்டார் ஓட ஓட அரைநாள் விட்டார். குலவைச் சத்தம் எல்லை வரைக்கும் கேட்டது. கிணறு கழுத்து மட்டும் ஏறியது. ஊர் அழுதது, கும்பிட்டது, கூழ் காய்ச்சிக் குடித்தது. எனக்கு மட்டும் அந்த மோட்டார் சத்தத்தில் ஒரு வாய் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கிணற்றில் தண்ணீர் இல்லை. அடியில் சகதி, அதன் மேல் மஞ்சள் கோடு. முத்தெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, சுவரே தெரியாமல் பழுத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை செம்பை எடுத்துக்கொண்டு போனேன். முனீஸ் ஆட்டோவைக் கிளப்பி வைத்திருந்தான். வாளியை இறக்கினேன், நங்கென்று தட்டியது. இழுத்தேன், சேறு. மறுபடியும் இறக்கினேன், சேறு. எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"பூசாரி," என்றேன், "தொட்டியில கால் பாகம் இருக்கு. காலின்னு சொன்னது பொய்தான். அதுவும் இந்தக் கெணத்துத் தண்ணிதான? ஒரு செம்பு எடுத்துக்கிறேன்."

எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார்கள். குருவு கையைப் பிசைந்தார். "அது ஆத்தா வர்றதுக்கு முந்துன தண்ணி மதினி. அதுல ஆத்தா இல்லையே."

"அப்ப வெறுஞ்செம்போட போறோம்! நீங்க ஏறுங்க" என்று இவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

இவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். வெறுஞ்செம்பு மடியில் இருந்தது. ஊர் ஒன்றும் சொல்லவில்லை, மறிக்கவில்லை. திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். எல்லைக்கல் வந்தது. முனீஸ் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். இவர் இறங்கிவிட்டார்.

"என்னங்க இது? ஏறுங்கன்னா!"

"நான் எல்லையத் தாண்டிப் போயி, அதுல கெணறு போயிருச்சுன்னா, நீ எங்க புள்ள வேலைக்குப் போவ?" என்று சிரித்துவிட்டு, சிரிப்பு நின்றதும் மெதுவாகச் சொன்னார்: "ஊரு பூராவும் தாகத்தோட என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நிக்கும் வெள்ளத்தாயி. அதுக்கு இது தேவலாம்."

வெள்ளத்தாய் என்பது என் பெயர். அன்றைக்கு அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் வீங்க ஆரம்பித்தார். முதலில் பாதம், அப்புறம் கெண்டைக்கால், விடிந்தால் கண்ணுக்குக் கீழே பை. படுத்தால் மூச்சு வரவில்லை என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். நான் டம்ளரில் பாதியாகக் குறைத்தேன், அதையும் கால் ஆக்கினேன். எதிரே நின்று செவந்தி அந்த வீங்கின காலைப் பார்த்தாள். பார்க்க வந்த எல்லோரும் அந்தக் காலைப் பார்த்தார்கள். ஊரில் தண்ணீர் கோத்து நின்ற இடம் அது ஒன்றுதான். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை. போர்வையை எடுத்து இழுத்து மூடினேன்.

புதன்கிழமை தவமணி அண்ணாச்சி வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. கிழக்கே அவர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஊத்தியும் கெணறு இப்படி ஆயிருச்சேப்பா. ஆத்தாவுக்கு என்ன கொறை வச்சோம்?" என்றார்.

இவர் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில என் ரத்தத்த எடுத்து எனக்கேதான் ஏத்துறாங்க. நடுவுல மிஷின் அதச் சுத்தம் பண்ணுது, அதனால பொழச்சுக் கெடக்கேன். நீங்க கெணத்துல இருந்து உறிஞ்சி கெணத்துக்கே ஊத்துனீங்க. ஊத்துனதக் காட்டியும் உறிஞ்சுனது சாஸ்தி. நடுவுல ஒண்ணும் நடக்கல, குலவ மட்டும் போட்டோம்."

"நான் மட்டுமா உறிஞ்சுறேன்?" அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தா, எதுத்த வீட்டுல இல்லையா? பூசாரி வீட்டுல இல்லையா? நான் நிப்பாட்டுனா அவனுக நிப்பாட்டுவானுகளா? காய் இறங்குற நேரம்யா. வருஷம் பூராவும் நாய் மாதிரி உழைச்சு வச்சிருக்கேன்."

"நான் யாரையும் சொல்லலையே அண்ணாச்சி. கேட்டீங்க, சொன்னேன்."

போர்வை விலகியிருந்தது. அண்ணாச்சி குனிந்து, என்னதான் இது என்பது போல, இவர் கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது, ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாம் போல. அது நிரம்பும் என்று அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நிரம்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் கிழக்கே மோட்டார் நின்றது. ஓடுகிற வரைக்கும் அந்தச் சத்தம் இருப்பதே தெரியாது. நின்றதும் ஊர் காது அடைத்துத் திறந்த மாதிரி ஆகிவிட்டது. செவந்தி வாசலுக்கு வந்து கிழக்கே பார்த்தாள், உள்ளே போனாள், அவள் வீட்டு மோட்டார் நின்றது. பூசாரி வீட்டு மோட்டார் நின்றது. வடக்குத் தெருவில் ஒன்று மட்டும் வெகுநேரம் முனகிக்கொண்டிருந்தது. யார் வீடு என்று தெரியும், யாரும் போய்ச் சொல்லவில்லை. ஊரே அந்த ஒரு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது, கடைசியில் அதுவும் வெட்கப்பட்ட மாதிரி நின்றது.

அதன் பிறகு குடிக்க என் கால் தொட்டிதான். நான் வால்வைத் திறக்கவில்லை, தொட்டிக்கு அடியில் குழாயைப் பிடித்து, இவர் டம்ளராலேயே ஆளுக்கு அரை லிட்டர் அளந்து கொடுத்தேன். வாங்கினவர்கள் அதை எப்படி ஒரு நாளைக்கு வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அங்கேயே பாதியைக் குடித்துவிட்டு முழித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"யண்ணே, நாக்கு ஒட்டுது. என்ன செய்வீக?"

சுவரில் சாய்ந்தபடி இவர் சொல்லிக்கொடுத்தார். தண்ணீரை விழுங்காதே, வாயில் வைத்திரு, நாக்குக்கு அடியில் கொண்டு போ. மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்து விழுங்கு. எலுமிச்சை இலையைக் கடித்துக்கொள், எச்சில் ஊறும். பேச்சைக் குறை. உப்பைக் குறை. டம்ளரைக் கண்ணுக்கு எதிரே வைக்காதே, முதுகுக்குப் பின்னால் வை.

"இது ஒரு பொழப்பா அண்ணே?" என்றாள் செவந்தி.

"பழகிரும்மா. எனக்கு ஊரு பூராவும் கூட்டுச் சேர்ந்ததுல இன்னைக்குக் கொஞ்சம் தேவலாம்."

தேவலாம் இல்லை. அவர் உதடு நீலமாக இருந்ததை நான்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை விசிறப் போனவள் ஓடி வந்து, கிழக்குச் சுவரில் முத்து உட்கார்ந்திருக்கிறது என்றாள். சாயங்காலத்துக்குள் மேற்கிலும் வாட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை காலையில் நானே இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினேன். சுவர் சூடு தணிந்திருந்தது. அடியில், கடப்பாரைக்காரன் இரும்பு வைக்காமல் விட்ட அதே இடத்தில், உலர்ந்த பொருக்கு ஒன்று தானாகக் கழன்று விழுந்து, அதற்குக் கீழே உள்ளங்கை அளவுக்குத் தண்ணீர் ஊறி நின்றது. கொட்டாங்கச்சியால் அள்ளினேன். ஊறுகிற வரைக்கும் காத்திருந்து மறுபடி அள்ளினேன். அப்படி அள்ளி அள்ளி ஒரு செம்பு நிறைவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மேலே கைப்பிடிச் சுவரைச் சுற்றி வட்டமாகத் தலைகள். அவர்கள் தொண்டை ஏறி இறங்குகிற சத்தம் எனக்குக் கீழே கேட்டது.

செம்போடு மேலே வந்ததும் குருவு இரண்டு கையையும் நீட்டினார். அவர் கண்ணில் தண்ணீர்.

"முத்து இறங்குற நேரம் மதினி. இதுதான் முறையான முதல் தண்ணி. இப்ப வெயில்ல வச்சு, காஞ்சதும் ஊத்திறணும். பொழுது தவறுனா மறுபடியும் ஏறிக்கிரும்."

"இன்னைக்கு வெள்ளிக்கெழம" என்றேன். செம்பை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"தெரியும் மதினி."

"தெரிஞ்சும் கேக்கீகளா?"

அவர் கையை இறக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. ஒரு செம்பு தண்ணீர். அதைச் சுற்றி நாக்கு ஒட்டிப்போன ஒரு ஊர். கொடுத்தால் என் வீட்டுக்காரர் போய்விடுவார், கொடுக்காவிட்டால் கிணறு போய்விடும். நான் ஒரு அடி பின்னால் வைத்ததில் செம்பின் விளிம்பில் தண்ணீர் ஆடியது, சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆ என்றார்கள். முனீஸ் இவரைக் கைத்தாங்கலாகக் கொண்டு வந்து ஆட்டோவில் உட்கார்த்தியிருந்தான்.

இவர் உள்ளே இருந்தபடியே கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "பூசாரி. எம்புட்டு நேரம் வெயில்ல காயணும்?"

"பொழுது சாயுறதுக்கு முன்ன ஊத்தணும்ணே. அதுவரைக்கும் காயலாம்."

"என் மடியில காயட்டும்யா. ஆட்டோவுல ரெண்டு பக்கமும் வெயில்தான். ஆஸ்பத்திரியில சன்னல் ஓரத்துக் கட்டிலக் கேட்டு வாங்கிக்கிறேன். பொழுது சாயுறதுக்குள்ள கொண்டாந்து நானே ஊத்துறேன்."

குருவு நீட்டிய கையை இறக்கினார். ஆனால் எல்லோருக்கும் மனதில் இருந்ததைச் செவந்திதான் கேட்டாள்.

"வழியில ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. இவர் சிரிக்கப் பார்த்தார். "ஆச்சுன்னா செம்ப வெள்ளத்தாயி பிடிச்சுக்கிருவா. அவ எதையும் கீழ போட மாட்டா."

தவமணி அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் முனீஸ் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "எடுடா வண்டிய" என்றார். "மேடு பள்ளம் பார்த்து ஓட்டு."

அந்தப் பயணத்தை நான் எப்படிச் சொல்வேன்? வெயில் செம்புக்குள் விழுந்து இவர் கழுத்தில் ஆடியது. இவர் உதடு வெடித்திருந்தது, மடியில் தண்ணீர், கண் அதிலேயே இருந்தது. ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது இரண்டு சொட்டு அவர் விரலில் விழுந்தது. அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் அந்த விரலைச் செம்பின் உள்விளிம்பில் துடைத்து உள்ளே விட்டார். அண்ணாச்சி முன்னாலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில், இவ்வளவு தாமதமாகவா கொண்டு வருவது என்று திட்டினார்கள், திட்டட்டும். சன்னல் கட்டில் கிடைத்தது. மிஷின் ஓடியது. நான் சன்னல் வெயிலையும் கடிகாரத்தையும் அவர் மார்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் நகர நகர அண்ணாச்சி செம்பை நகர்த்தி வைத்தார்.

பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டோம். எல்லைக்கல்லிலிருந்தே ஊர் வண்டியோடு நடந்து வந்தது. இவர் இறங்கித் தன் காலிலேயே நடந்து, கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு செம்பைக் கவிழ்த்தார். அவ்வளவு ஆழத்துக்கு ஒரு செம்பு தண்ணீர் என்ன சத்தம் போடும்? நாங்கள் குனிந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. மண் குடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் கேட்டது. சேற்றில் விழுகிற சத்தம் இல்லை, தண்ணீரில் தண்ணீர் விழுகிற சத்தம்.

இரண்டாம் தண்ணீரும் மூன்றாம் தண்ணீரும் அப்படியே இவர் மடியில் காய்ந்துதான் ஊற்றப்பட்டன. அதற்குள் கோடை மழையில் ஒன்று தப்பி வந்து பெய்துவிட்டுப் போனது. காப்பு அவிழ்த்தார்கள். ஓவர்சியர் வந்து எட்டிப் பார்த்து, சுவரெல்லாம் தழும்பாக இருக்கிறதே என்று கேட்டார். இருக்கத்தான் செய்யும் என்றோம். காப்பு அவிழ்த்த மத்தியானம் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் கடுகு வெடித்தது, பிள்ளைகள் பயந்து அழுதன.

இப்போது மோட்டார் போட முறை வைத்திருக்கிறார்கள். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். தவமணி அண்ணாச்சி தோட்டத்தில் பாதி எலுமிச்சை காய்ந்துபோய் நிற்கிறது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பேசாததுதான் எனக்குப் பயம். இவர் செவ்வாயும் வெள்ளியும் போய் வருகிறார், இப்போதும் செம்போடுதான், யாரும் கேட்காமலேயே. நான் தாளிக்க எண்ணெய் வைத்துக் கடுகைக் கையில் எடுத்ததும், அடுப்பைக் குறைத்துவிட்டு, கிழக்குப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன். எண்ணெய் புகைந்துவிடுகிறது. கடுகைப் போட்டுவிட்டால் அந்தச் சத்தத்தில் கிழக்கே மோட்டார் ஓடினால்கூடக் கேட்காது.